டெம்போ சரியில்லை

அண்டான்டே என்றால் நடக்கிற வேகம், அது சரி, யார் நடக்கிற வேகம் என்று எந்த இத்தாலிக்காரனாவது சொல்லிவைத்தானா, நாகேஸ்வரராவ் பூங்காவில் சர்க்கரை வியாதிக்காரர் காலையில் கைவீசி நடப்பதும் நடைதான், தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் கூட்டமே நம்மை நடத்திக்கொண்டு போகிறதே அதுவும் நடைதான்... ஷகீலாவுக்கு அந்த வார்த்தை பிடிபட்டது பிரியாணி அண்டாவால். அவள் வீட்டுக்காரர் மெஹபூப் பாஷா ராயப்பேட்டையில் கல்யாண பிரியாணி மாஸ்டர், தம் போட்ட அண்டாவைக் கம்பு கொடுத்து இரண்டு ஆள் தூக்கிப்போகிற வேகம் என்று ஒன்று இருக்கிறது, ஓடினால் தம் உடைந்துவிடும், தயங்கினால் தோள் வெந்துவிடும், அதுதான் அண்டான்டே, அண்டா நடை, அதை லண்டனிலிருந்து வந்து பரீட்சை எடுக்கிற துரையிடம் சொல்ல முடியுமா, முடியாது, ‘அட் எ வாக்கிங் பேஸ்’ என்று கிளிப்பிள்ளையாகச் சொல்ல வேண்டும், பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்குழந்தை சொல்லிக்கொண்டிருப்பதைப் போல. பாண்டி பஜாருக்குப் பின்தெரு, புடவைக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி, பியானோ பரீட்சைக்காகக் காத்திருக்கும் கூடம், ஏசியை யார் இவ்வளவு வைத்தது, எட்டு வயசுப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் நடுவே ஐம்பத்திரண்டு வயசில் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு அவள் மட்டும். வாசலில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டிருந்த சரண்யா என்கிற பெண், “கேண்டிடேட் எங்கம்மா?” என்றாள். “நான்தான்.” “இல்லம்மா, வாசிக்கப்போறது யாரு, பாத்ரூம் போயிருக்காங்களா?” “நான்தாம்மா வாசிக்கப்போறது.” அந்தப் பெண் அட்டையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, மறுபடி அட்டையைப் பார்த்து... பார்க்கட்டுமே. பார்ப்பதற்கு இத்தாலியில் ஏதாவது வார்த்தை வைத்திருப்பான், எல்லாவற்றுக்கும்தான் வைத்திருக்கிறானே.

“அலெக்ரோன்னா என்னடி?” “ஃபாஸ்ட்.” “வெறும் ஃபாஸ்டா? சார் என்ன சொன்னார்? லைவ்லி, அண்ட் ஃபாஸ்ட். அதையும் சொன்னாத்தான் முழு மார்க், ஆத்துல அத்தனை வாட்டி சொல்லிண்டே இருந்தேனே.” இது ஜலஜா, மந்தைவெளியிலிருந்து மகள் வர்ஷினியைக் கூட்டிவந்திருப்பவள், இருவருக்கும் ஒரே பியானோ அகாடமிதான், ஆனால் அவள் பிள்ளை சனிக்கிழமைக் கூட்டம், ஷகீலா புதன்கிழமை மத்தியானம், அதனால் அறிமுகம் இல்லை. சந்தோஷமாகவும் வேகமாகவும், இரண்டும் சேர்ந்து ஒரே வார்த்தையாம், எப்படிப்பட்ட ஊரோ அது, ஷகீலா ஆயுசில் வேகமாகச் செய்தது எதையும் சந்தோஷமாகச் செய்ததில்லை, பந்திக்கு ஆள் வந்துவிட்டது வெங்காயம் அரி வெங்காயம் அரி என்று அவர் கத்தும்போது அரிகிறோமே, அது வேகம், கண்ணில் தண்ணீர் வேறு, அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள். ஜலஜா திரும்பி, “உங்க பேத்தி உள்ள போயிட்டாளா?” என்றாள் மரியாதையாக. “பேத்தி இல்லம்மா, நான்தான் வாசிக்கிறேன்.” “ஓ, டீச்சரா? எந்த ஸ்கூல்?” “இல்லம்மா, பரிச்சை எனக்குத்தான். நேரா மூணாவது கிரேடு.” ஜலஜாவின் முகத்தில் ஒரு புன்னகை கிளம்பி, பாதி வழியில் எதற்காகக் கிளம்பினோம் என்று மறந்துபோய், அங்கேயே நின்றது. அதற்குக்கூட ஒரு வார்த்தை இருக்கிறது, ஃபெர்மாட்டா, வளைவுக்கு அடியில் ஒரு புள்ளி, வாசிக்கிறவன் இஷ்டத்துக்கு நிறுத்திவைக்கலாம். “நான் கூட இவளோட சேர்ந்து கத்துக்கணும்னு நெனச்சுண்டே இருக்கேன்,” என்றாள் ஜலஜா கடைசியில், “டைம்தான் இல்லை.” வர்ஷினி மட்டும் கண்ணை விரித்துக்கொண்டு, “ஆன்ட்டி, உங்களுக்கு அம்மா சாக்லேட் தருவாங்களா, டிஸ்டிங்ஷன் வாங்கினா?” என்று கேட்டது.

டைம் இல்லை... டைம் யாருக்குத்தான் இருந்தது, மகள் சிம்ராவுக்காக வாங்கின கீபோர்டுப் பொட்டி அது, அவள் ஒரு கிரேடு முடித்துவிட்டு எனக்கு இது வேணாம் அம்மீ என்று சொல்லி, அப்புறம் படிப்பு, அப்புறம் பெங்களூரில் வேலை, பொட்டி மட்டும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் துணி போர்த்திக்கொண்டு நின்றது, அதைத் துடைக்கப்போய்த்தானே விரல் பட்டது. விடிய விடிய அடுப்படியில் நின்றுவிட்டு மனுஷன் பகலில்தான் தூங்குவார், சத்தம் கூடாது, குக்கர் விசில் கூடாது, பாத்திரம் உருளக்கூடாது, பொட்டி எப்படி வாசிப்பது, ஹெட்போனைச் செருகு, மத்தியான லுஹர் தொழுகை முடிந்து சாயங்கால அஸர் பாங்கு சொல்வதற்குள் கிடைக்கிற நேரம், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத நேரம். ருபாட்டோ என்றால் திருடிய நேரம் என்று அகாடமி சந்திரமௌலி சார் ஒரு நாள் சொன்னார், அதெல்லாம் எட்டாவது கிரேடுக்கு மேலே மேடம், நீங்க இப்போ அதைப் பத்திக் கவலைப்படாதீங்கோ என்றார், ஷகீலாவுக்குச் சிரிப்பு வந்தது, அதுதான் சார் என் முதல் பாடமே என்று சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள். ஒரு நாள் மெஹபூப் பாஷா தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறார், பெண்டாட்டி இருட்டறையில் காதில் கொம்பு மாட்டிக்கொண்டு பொட்டிமேல் விரலை ஓட்டுகிறாள், சத்தமே இல்லை, மனுஷன் பயந்துபோனார். “இன்னா ஷகீ, டைப்பு அடிக்கிறியா?” “பாட்டுங்க.” “எங்க கீது பாட்டு?” “எனக்குக் கேக்குது.” “உனக்குக் கேட்டா போதுமா, பொட்டி ஊமையா இன்னா?” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கெட்ட எண்ணத்தில் கேட்டதில்லை, அவர் கேட்டது நியாயமான கேள்வி, அதுதான் தைத்தது. யோசித்துப்பார்த்தால் ஒரு உயிரும் அவள் வாசித்துக் கேட்டதில்லை, அகாடமியில்கூட ஒரே அறைக்குள் ஐந்து பொட்டி, ஐந்து ஹெட்போன், சார் வந்து ஒற்றைக் காதில் செருகிக்கொண்டு உம் உம் என்பார், ஃபோர்டே என்று போட்டிருக்கிற இடத்தில் அவள் ஓங்கித்தான் அடித்தாள், ஓங்கி அடித்தாலும் அது அவள் மண்டைக்குள்ளேதான் இடித்தது, வெளியே பார்க்கிறவனுக்கு டைப்பு.

அகாடமி ஆஃப் பியானோஃபோர்டே, மந்தைவெளி, கீழே இட்லி மாவுக் கடை. போர்டு மட்டும் தெருமுனையிலிருந்தே தெரியும், உள்ளே பியானோவும் கிடையாது ஃபோர்டேயும் கிடையாது. சந்திரமௌலி சார் ஒரு வாரம் இத்தாலிக்கு டூர் போய்வந்தார், தயிர்சாதம் உட்பட எல்லாம் டிக்கெட்டில் அடக்கம், போகும்போது சார், வரும்போது மாயெஸ்ட்ரோ. அதற்கப்புறம் வகுப்பு ஆரம்பிக்க ‘அட்டாக்கா’, பிள்ளைகள் ஒன்றையொன்று குத்திக்கொண்டன, மறுபடி வாசிக்க ‘டா காப்போ’, பிராவோ என்று சொல்லக்கூடாதாம், அது ஆம்பளைக்கு, பெண்குழந்தையைப் பாராட்ட ‘பிராவா’ என்றுதான் சொல்ல வேண்டுமாம், அதைச் சத்தம்போட்டுச் சொல்ல ஒரு தாய்க்கும் வாய் வரவில்லை, எல்லாரும் சூப்பர் என்று சொல்லிச் சமாளித்தார்கள். பியானோஃபோர்டே என்றால் மெல்ல-ஓங்கி என்று அர்த்தமாம், அதுதான் அந்த வாத்தியத்தின் முழுப்பெயராம், இரண்டும் வாசிக்க வருவதால் அந்தப் பெயராம், சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் ஜனங்கள் பாதியை வெட்டிவிட்டார்கள், வெட்டினார்களே, எந்தப் பாதியை வெட்டினார்கள் பார், ஓங்கியை வெட்டிவிட்டு மெல்லவை வைத்துக்கொண்டார்கள். ஷகீலா அன்றைக்கு வீட்டுக்கு நடந்துபோகும்போது பூராவும் அதையே நினைத்துக்கொண்டு போனாள்... சின்ன வயசில் சத்தம் கம்மி, பொண்ணு பார்க்க வந்தபோது மெதுவா பேசு, மாமியார் வீட்டில் மெதுவா சிரி, இப்போது அவர் தூங்குறாரு, எல்லாம் பியானோ, பியானோ, பியானிசிமோ, மெல்லவிலும் மெல்ல, தாளில் இரண்டு பி, மூன்று பி, போட்டுக்கொண்டே போகலாம், எத்தனை போட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

டெம்போ விஷயம் மட்டும் நடக்காமல் இருந்திருந்தால்... நடந்தால் என்ன, நடந்தது. சேர்ந்த புதிது, மெஹபூப் பாஷா அண்டா ஏற்றின டெம்போ வண்டியிலேயே கூட்டிவந்து அகாடமி வாசலில் இறக்கிவிட்டு, எதிரே டீ குடிக்கப் போனார். உள்ளே சார் ஒற்றைக் காதை வைத்துக் கேட்டார், நெற்றியைச் சுருக்கினார், “மேடம், உங்க டெம்போ சரியில்லை,” என்றார். ஐயோ, வண்டியைக் கேட்டை மறித்து நிறுத்திவிட்டாரா என்று அவள் விழுந்தடித்து எழுந்து, “இதோ எடுக்கச் சொல்றேன் சார்!” என்று படியிறங்கி ஓடினாள், ஹெட்போன் கழுத்தோடு வந்து, வயர் இழுத்து, பொட்டி ஸ்டாண்டோடு சாய்ந்து... திரும்பி மேலே வந்தபோது அறை பூராவும் சிரித்துக்கொண்டிருந்தது, மாயெஸ்ட்ரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, டெம்போன்னா வேகம் மேடம், வேகம், என்றார். அன்றிலிருந்து அந்தக் கதை ஒவ்வொரு பேட்சுக்கும் முதல் வகுப்பில் சொல்லப்படுகிறது, ஆண்டு விழா மேடையில் மைக்கிலும் சொன்னார், பெயர் சொல்லவில்லை, ‘ஒரு அம்மா’ என்றார், முக்காடு போட்ட ஒரு அம்மாதான் அந்தக் கூட்டத்திலேயே இருந்தாள். தப்பு அவளுடையதா? சென்னையில் பிறந்து வளர்ந்த எவனையாவது நடுரோட்டில் நிறுத்தி டெம்போ சரியில்லை என்று சொல்லிப்பாருங்கள், டயரைப் பார்ப்பானா மாட்டானா? வார்த்தையை இத்தாலியிலிருந்து கப்பலில் இறக்கினால், இங்கே ஏற்கனவே அந்தப் பெயரில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறதா என்று விசாரிக்க வேண்டாமா?

“மேடம்.” கூடத்துக்கே வந்துவிட்டார் மாயெஸ்ட்ரோ. கோட்டு, கழுத்தில் ஸ்கார்ஃபு, மே மாசத்தில். நேற்று போனில் சொன்னதையே இப்போது குனிந்து காதில் சொன்னார், தப்பா எடுத்துக்காதீங்கோ என்று ஆரம்பித்து. வருஷா வருஷம் அகாடமி வாசலில் ஃபிளெக்ஸ் வைப்பார், நூற்றுக்கு நூறு டிஸ்டிங்ஷன், நடுவில் அவர் படம் ஆளுயரம், சுற்றிலும் பிள்ளைகள் தபால்தலை மாதிரி. ஷகீலா டிஸ்டிங்ஷன் வாங்கமாட்டாள், பாஸ் வேண்டுமானால் ஆவாள், பாஸ் ஆனால் நூற்றுக்கு நூறு போய்விடும், வராமல் இருந்துவிட்டால் கணக்கிலேயே வராது. “உடம்பு சரியில்லைன்னு ஒரு வார்த்தை, நானே பேசிக்கறேன். இதை அவமானமா நெனைக்கப்படாது. மியூசிக்ல டிமினுவெண்டோன்னு ஒண்ணு இருக்கு, மெல்ல மெல்லக் கொறஞ்சு, யாருக்கும் தெரியாம அப்படியே... அதுதான் அழகே.” பாருங்கள், ஒரு மனுஷியை வெளியே போ என்று சொல்லவும் இத்தாலியில் ஒரு வார்த்தை, தமிழில் சொல்லியிருந்தால் கூசியிருக்கும் அந்த வாய். “அதோட,” என்றார், “எல்லாரையும் நேத்து அண்ணாநகர் கூட்டிண்டு போய் நிஜ பியானோல ஒரு தடவை வாசிக்க வெச்சேன். நீங்க வரமாட்டேள்னு நெனச்சு உங்களுக்குச் சொல்லலை. தொட்டே பார்க்காத வாத்தியத்துல போய் உக்காந்து... உங்களுக்குத்தான் கஷ்டம்.” ஓ. எல்லாரையும். இந்த எட்டு வயசு வர்ஷினியைக்கூட. அவளை விட்டுவிட்டு. ஷகீலாவுக்கு முதலில் பயம்தான் வந்தது, நிஜ பியானோ எப்படியிருக்கும், பொட்டி மாதிரிதானே இருக்கும், இருக்காதோ, எழுந்து போய்விடலாமா, கீழே வண்டி நிற்கிறது, வெங்காயம் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறேன் என்றார் வீட்டுக்காரர், சிம்ராவிடம் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம்... பயத்துக்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது, சூடாக, அண்டா மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே அந்த மாதிரி. “சார்,” என்றாள், மெதுவாகத்தான், “கிரெஷெண்டோன்னா இன்னா சார்?” “அது... கொஞ்சம் கொஞ்சமா சத்தம் ஏறிண்டே போறது. ஏன்?” “சும்மா. மறந்துடுச்சோன்னு பார்த்தேன்,” என்றாள். அதற்குள் கதவு திறந்து சரண்யா, “ஷகீலா பாஷா” என்று கூப்பிட்டாள், கூடத்தில் எல்லாத் தாய்மாரும் திரும்பிப் பார்த்தார்கள், அவள் எழுந்து அண்டா நடையில் போனாள், தம் உடையாமல்.

கறுப்பாக, யானைக்கன்று மாதிரி நின்றது அது, ஊமையாக. வயசான வெள்ளைக்காரம்மா ஒருத்தி, துரை இல்லை, கம்பளிச்சட்டை போட்டுக்கொண்டு மேஜைக்குப் பின்னால், இந்தக் குளிரை வைத்தது இவளில்லை என்று தெரிந்தது, மூக்கு சிவந்திருந்தது. உட்காருங்கள், அவசரமில்லை என்றாள் இங்கிலீஷில். ஷகீலா பிஸ்மில்லா சொல்லி, வீட்டில் வைப்பது போலவே விரலை வைத்து, வீட்டில் அழுத்துவது போலவே அழுத்தினாள்... ஒன்றும் வரவில்லை. கட்டை கீழே போய் மேலே வந்தது, சத்தம் இல்லை. கை தன்னையறியாமல் காதுக்குப் போனது, ஹெட்போன் கழன்றுவிட்டதா என்று, எங்கே ஹெட்போன், வெறும் காது, முக்காடு. கட்டைக்கு இவ்வளவு கனமா, இதற்கு அழுத்தம் வேண்டும் போலிருக்கிறது, மெல்லத் தொட்டால் இது பேசாது போலிருக்கிறது, பெயரில் மெல்ல என்று வைத்துக்கொண்டு... அழுத்தினாள். அறைக்குள் ஒரு ஸ்வரம் எழுந்து நின்றது. இது நானா? சுவரில் பட்டு, ஜன்னல் கண்ணாடியில் பட்டு, திரும்பி வந்து அவள் மேலேயே விழுந்தது, மண்டைக்கு உள்ளே இல்லை, வெளியே, வெள்ளைக்காரம்மா காதிலும் விழுகிற வெளியே. முதல் பாட்டு அண்டான்டே, தோள் அறிந்த வேகம், கையே கால் போல நடந்துவிட்டது, இரண்டாவது அலெக்ரோ, ஒரு இடத்தில் தடுக்கினாள், தடுக்கியும் நிற்கவில்லை, பந்தியில் கரண்டி விழுந்தால் குனிந்தா எடுப்பார்கள், வேறு கரண்டி, நடுவில் எங்கேயோ தான் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது, வேகமாகவும் சந்தோஷமாகவும், அட, இரண்டும் சேர்ந்து வருமா? மூன்றாவதுக்கு முன்னால் அந்தம்மா கடைசி வரியில் ஒரு வார்த்தையைத் தொட்டுக்காட்டி, இது என்ன என்றாள். மோரெண்டோ. “டையிங்,” என்றாள் ஷகீலா, செத்துக்கொண்டே, அடங்கிக்கொண்டே. குட், என்றாள் அந்தம்மா. குட்டா? ஒரு சாயங்காலப் பாட்டு அது, விளக்கு வைக்கிற நேரத்து மாதிரி, கடைசி எட்டு பார், கோடு போட்டுப் பிரித்த எட்டுக் கட்டம், இரண்டு பி, அப்புறம் மூன்று பி, அப்புறம் சாவு, வீட்டில் அந்த இடத்தை அவள் எத்தனை அழகாக அடக்குவாள், அவளுக்கே அழுகை வரும், அவளைத்தவிர யாருக்கும் தெரியாத அழுகை. வந்தது அந்த இடம். இரண்டு பி கண்ணில் பட்டது, சத்தம் கம்மி, அவர் தூங்குறாரு, யாருக்கும் தெரியாம அப்படியே, அதுதான் அழகே... கை இறங்கியது. ஓங்கி. அடுத்ததும் ஓங்கி. எட்டு பாரும் கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் கூப்பிடுவது போல, கண்ணாடி அதிர, மேஜையில் அந்தம்மாவின் பென்சில் உருள, சாகச்சொன்ன இடத்தில் அந்தப் பாட்டு எழுந்து நின்றுகொண்டு சாகமாட்டேன் என்றது, கடைசி ஸ்வரத்தை அவள் விடவே இல்லை, அதுவாக ஓயட்டும் என்று பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே கூடத்தில் ஜலஜாவின் குரல் நின்றுபோயிருந்தது. வெள்ளைக்காரம்மா உருண்ட பென்சிலை எடுத்து எதையோ நிறைய எழுதினாள், தலைகீழாகப் பார்த்தால் ஒரு எழுத்தும் புரியவில்லை, தேங்க்யூ மிஸஸ் பாஷா, என்றாள், முகத்தில் என்ன இருந்தது, கோபமா, சிரிப்பா, சளியா?

கதவைத் திறந்ததும் வர்ஷினி, “ஆன்ட்டி, செம்ம சத்தம்!” என்றது, ஜலஜா அதன் வாயைப் பொத்தினாள், பொத்திக்கொண்டே ஷகீலாவைப் பார்த்த பார்வையில் டைம்தான் இல்லை என்று சொன்னபோது இல்லாத ஏதோ ஒன்று இருந்தது. மாயெஸ்ட்ரோ ஸ்கார்ஃபைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார், இப்போது பார்த்தால் வெறும் சந்திரமௌலிதான். “மேடம், கடைசி எட்டு பார்... அது பியானிசிமோ... போட்டிருக்கே...” “தெரியும் சார்.” “தெரிஞ்சேவா?” அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “போச்சு,” என்றார் அவர் ஃபிளெக்ஸை நினைத்துக்கொண்டு, அப்புறம் வாத்தியார் புத்தி விடாமல், “டெம்போவாவது சரியா இருந்துதா?” என்றார். கீழே தெருவில் ஹாரன் அடித்தது, நீளமாக, அந்த ஹாரனை அவளுக்குத் தெரியும். “டெம்போ கீழதான் நிக்குது சார்,” என்றாள் ஷகீலா, கூடம் பூராவும் கேட்கிற மாதிரி, “நோ பார்க்கிங்ல. எடுக்கச் சொல்றேன்.” ஜலஜா முதலில் சிரித்தாள், அப்புறம் இன்னொரு தாய், கதை தெரிந்தவர்கள், எல்லாரும் அந்தக் கதையை அவரிடம்தான் கேட்டிருக்கிறார்கள், இந்த முறை அவர்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

முதல் மாடி வரை அவளுக்குத் தரையே தெரியவில்லை, அவரிடம் சொல்ல வேண்டும், பொட்டி ஊமையில்லைங்க என்று, வண்டியில் ஏறின உடனே, சிம்ராவுக்குப் போன் போட்டு... வேண்டுமென்றே செய்தாள், ஆமாம், வேண்டுமென்றுதான், சாகச்சொன்னால் சாக வேண்டுமா, ஒரு தடவையாவது ஒருத்தர் காதாவது... அப்போதுதான் அந்த முதல் ஸ்வரம் ஞாபகம் வந்தது, மெல்ல அழுத்தியபோது வராமல் போனதே அது. இரண்டு பியைப் பார்த்ததும் கை ஓங்கியது நிஜம், ஓங்கியது கோபமா, இல்லை மறுபடி சத்தம் வராமல் போய்விடுமோ என்கிற பயமா? அந்த யானைக்கன்றில் மெல்ல வாசிக்க அவளுக்கு வந்திருக்குமா, நினைத்திருந்தால்? தெரிஞ்சேவா என்று அவர் கேட்டதற்கு நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? ஷகீலா படியில் நின்று, இரும்புக் கைப்பிடிமேல் விரல்களை வைத்து, அந்த எட்டு பாரை மெல்ல, மிக மெல்ல அழுத்திப்பார்த்தாள். இரும்பு ஒன்றும் சொல்லவில்லை. கீழே ஹாரன் மறுபடி அடித்தது. இருங்க, வர்றேன், என்று மூன்று மாடிக்கும் கேட்கக் கத்தினாள், கத்திவிட்டு அந்த இடத்தை இன்னும் ஒரு தடவை.